உள்ளங்கை அளவு சுவர்

பிணவறையிலிருந்து வெளியே வந்த அக்கா அழவில்லை. "எங்க ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கணும் சின்னு" என்று மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலில் வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்ற அக்கா தங்கை இருவரையும் போன வார அத்தியாயத்தில் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

அத்தான் காணாமல் போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. காலையில் வேலைக்குக் கிளம்பியவர். செருப்பு ஒன்று கட்டிலுக்கடியில் போய்விட்டதென்று எரிச்சல்பட்டவர். அவ்வளவுதான் கடைசியாகத் தெரிந்தது. அதன்பிறகு போலீஸ் ஸ்டேஷன், நண்பர்கள் வீடு, மறுபடி போலீஸ் ஸ்டேஷன். கடைசியில் ஆற்றோரம் ஒதுங்கிய ஓர் உடலை அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். அக்கா உள்ளே போனாள். "அவர் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

போன வேகத்திலேயே வந்துவிட்டாளே, நன்றாகப் பார்த்தாளா இல்லையா என்ற எண்ணம் சின்னவளை அரித்துக்கொண்டே இருந்தது. கேட்க வாய் வரவில்லை. தன் கல்யாணம் முறிந்து அவள் ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் "கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்று உள்ளே அழைத்துக்கொண்டவள் அக்கா. கேள்வி கேட்காதவளிடம் கேள்வி கேட்பது எப்படி?

இன்று காலை சின்னவள் வழக்கம்போலக் கடைக்கு வந்து, ஏப்ரனை மாட்டிக்கொண்டு, கலர் மிஷினைத் துடைத்தாள். ஊரில் பெரிய பெயிண்ட் கடை அது. நிறம் கலந்து தரும் கவுன்டர் அவளுடையது.

"வீட்டுல ஏதாவது சேதி?" என்றார் முதலாளி, விளக்குகளைப் போட்டுக்கொண்டே.

"இல்லைங்க."

"வந்துடுவார்ம்மா."

தினமும் அதையேதான் சொல்வார். கடைசி விளக்கு எரிவதற்குள் சொல்லி முடித்துவிடுவார்.

எல்லாரும் ஏணி என்று கூப்பிடும் பெயிண்டர் வந்தபோது கடையில் கூட்டமில்லை. ஆள் உயரம் அப்படி. தலை குனிந்துதான் எந்த வாசலிலும் நுழைவார்.

"மத்தவன் எல்லாம் ஏணி மேல ஏறுவான் தங்கச்சி. எங்கம்மா என்னை ஏணி மேலயே பெத்துப் போட்டுட்டா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இன்றும் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"என்ன அண்ணே, பல்லு விழுந்துடுச்சா?"

"திறந்து பாரு."

உள்ளே பஞ்சு. பஞ்சுக்கு மேல் ஒரு சுவர்த் துண்டு. உள்ளங்கையில் அடங்கும் அளவு. சாம்பலும் நீலமும் சேர்ந்த நிறம்.

"பழைய வீட்டுச் சுவராம். அதே கலர் வேணுமாம். ஒரு பொட்டு மாறினாலும் கூடாதாம்."

"யாரு அவ்வளவு கறார்?"

"ஒரு சார். பாலம் தாண்டி புது ஃபிளாட்டு இருக்கே, பெட்ரோல் பங்க்குக்குப் பின்னாடி, அங்க மேல் மாடி. மத்த ரூமெல்லாம் எந்தக் கலரா இருந்தாலும் சரிங்கறார். ஒரு சின்ன ரூமுக்கு மட்டும் இந்தப் பிடிவாதம். உன் கடைக்கு வரக்கூடாதுன்னு வேற சொன்னார். இன்னொரு கடை பேரைச் சொல்லி அங்கதான் போகணும்னார்."

"எங்க கடை என்ன பாவம் பண்ணுச்சு?"

"யாருக்குத் தெரியும். அங்க போனேன், மிஷின் ரிப்பேரு. இன்னிக்கு வேலை ஆரம்பிக்கணும், நான் என்ன பண்ண? சுவத்துக்கு எந்தக் கடைன்னு தெரியவா போகுது."

நிறம் படிக்கும் கருவியின் கீழே துண்டு அசையாமல் சமமாக உட்கார வேண்டும். பின்பக்கத்துச் சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட அவள் அதைத் திருப்பினாள். அப்போதுதான் அதன் ஓரம் கண்ணில் பட்டது.

பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்த சுவரை வெட்டினால், கேக் துண்டில் தெரிவதுபோல அடுக்கு தெரியும். அடியில் இலைப் பச்சை. மேலே சாம்பல் நீலம். இரண்டுக்கும் நடுவில் நூல் கனத்துக்கு ஒரு ரோஸ்.

அந்த ரோஸை அவளுக்குத் தெரியும்.

அக்காவும் அத்தானும் அந்த வீட்டை வாங்கியபோது சுவரெல்லாம் பழைய சொந்தக்காரர் அடித்த பச்சை. சின்னவள் அப்போதுதான் இந்த மிஷினில் வேலை பழகிக்கொண்டிருந்தாள். அக்கா ரூமுக்கு நானே கலந்து தருவேன் என்று அடம்பிடித்து ஒரு நிறம் கலந்தாள். சிவப்பு கூடுதலாக விழுந்துவிட்டது. அடித்து முடித்த சுவரைப் பார்த்து அத்தான், "மிட்டாய்க் கடைக்குள்ள படுத்து எந்திரிக்கற மாதிரி இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அந்த வாரமே அதற்கு மேல் அத்தான் தேர்ந்தெடுத்த சாம்பல் நீலம் ஏறிவிட்டது.

பச்சைச் சுவர் ஊரெல்லாம் இருக்கும். பச்சைக்கு மேல் அவள் கை தவறிய அந்த ரோஸும், ரோஸுக்கு மேல் இந்த நீலமும் வேறெந்த வீட்டுச் சுவரிலும் இருக்க வழியில்லை.

"என்ன தங்கச்சி, வராதா?"

"வரும்." அவள் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. "அந்த சார் ஆள் எப்படி அண்ணே?"

"சாது. அதிர்ந்து பேச மாட்டார். பேசும்போது மட்டும் இடது காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருப்பார், அது வளரணும்னு ஆசைப்படற மாதிரி."

இடது காதை இழுத்துக்கொண்டே பேசுவது அத்தானின் பழக்கம். அத்தான் உயிரோடு இருக்கிறார். அந்தச் செய்தி மகிழ்ச்சியாக வந்திருக்க வேண்டும். கோபமாக வந்தது.

துண்டின் ஓரத்தை மறுபடி பார்த்தாள். பிளேடால் வெட்டியது. வெட்டிய இடம் மாவு போல வெள்ளையாக இருந்தது. அன்றைக்குப் போனபோது அவர் எடுத்துப் போயிருந்தால் இதற்குள் அழுக்கேறியிருக்கும். இது புது வெட்டு. வீட்டுக்குள் இருக்கிற யாரோ வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பது மூன்று பெண்கள். அவள் வெட்டவில்லை. மீதி அக்கா, அக்காவின் மகள் பாப்பா.

ஒரு கணமும் நன்றாகப் பார்க்காமல் "அவர் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தாளே அக்கா. அவர் வேறெங்கோ இருப்பது தெரிந்துதான் சொன்னாளா?

"இன்னிக்கு முடியாது அண்ணே. இந்த ஷேடைச் சுவத்துல போட்டுத்தான் பாக்கணும். நாளைக்குக் காலையில நானே டின்னோட அங்க வந்துடறேன்."

"நீயே வரியா? என்ன தங்கச்சி, திடீர் மரியாதை." ஏணி தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். துண்டு அவள் ஏப்ரன் பைக்குள் போனது.

*

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவே கடைக்கு வந்து நின்றாள். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சேலை கட்டியிருந்தாள். மழைக்காலம் முழுக்க எது கையில் கிடைத்ததோ அதைச் சுற்றிக்கொண்டு அலைந்தவள்.

"சாப்பிட்டியா?"

"இனிமேத்தான். நீ என்ன இந்தப் பக்கம்?"

"கலர் பாக்க. நீ வீட்டுக்குக் கார்டு கொண்டு வருவேன்னு பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துடுச்சு."

சின்னவள் ஷேட் கார்டை எடுத்து விரித்தாள். அக்காவின் விரல்கள் நிறங்களின் மேல் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பொய் சொல்லும் விரல்கள் எப்படி நகரும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் பார்த்தாள்.

"பெயிண்ட் அடிக்கணும்னா சுவர் பேந்த இடமெல்லாம் அடைக்கணும்க்கா. கட்டிலுக்குப் பின்னால எப்படி இருக்கு?"

"யாருக்குத் தெரியும். அந்தக் கட்டிலை நகத்தி எத்தனை காலமாச்சு. உங்கத்தான் செருப்புக்காகக் குனிஞ்சதுதான் கடைசி." அக்கா ஒரு பக்கத்தைப் புரட்டினாள். "சின்னு, அந்த ரோஸ் இருக்கா?"

"எந்த ரோஸ்?"

"நீ முதல்ல கலந்து தந்தியே."

"அது தப்பா விழுந்த கலர்க்கா. எல்லாரும் சிரிச்சீங்களே."

"அவர் சிரிச்சார், நானும் சிரிச்சேன். எனக்கு அது பிடிச்சிருந்தது." அக்கா கார்டை மூடினாள். "காலையில கண்ணு முழிக்கும்போது யாரோ நல்ல மனசோட எழுப்பற மாதிரி இருக்கும். அந்த நீலத்துல முழிச்சா எப்பவும் மேகமூட்டமாவே இருக்கும். சொன்னா, நல்லாத்தானே இருக்கும்பார். நல்லாத்தான் இருந்துச்சு. யார் இல்லேன்னது."

இவளுக்குத் தெரியாது. அதில் இனிச் சந்தேகமில்லை. சின்னவளின் கை ஏப்ரன் பைக்குள் போய்ச் சுவர்த் துண்டைத் தொட்டது. இப்போதே எடுத்துக் கவுன்டர் மேல் வைத்துவிட வேண்டியதுதான்.

"இன்னிக்குக் காலையில மறுபடி போயிட்டு வந்தேன்" என்றாள் அக்கா.

"எங்க?"

"அங்கதான். பிணவறைக்கு." சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "அவர்தான்னு சொல்லிட்டேன்."

"அக்கா."

"மெதுவா. உன் முதலாளி பாக்கறார்."

"அன்னிக்கு இல்லேன்னு சொன்னியே."

"அன்னிக்குத் துணியை விலக்கினாங்க, நான் கண்ணை மூடிக்கிட்டேன். மூடிக்கிட்டே இல்லேன்னேன். இன்னிக்குத் திறந்து பாத்தேன். முகம்னு ஒண்ணு இல்ல சின்னு. தண்ணி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. யாரா வேணும்னாலும் இருக்கலாம். யாரா வேணும்னாலும் இருக்கலாம்னா, அவராவே இருந்துட்டுப் போகட்டுமே."

"அதுக்காக? டெஸ்ட் அது இதுன்னு எதுவும் கேக்கலையா அவங்க?"

"பொண்டாட்டி வந்து சொன்னா போதும்னுட்டாங்க. முதல் தடவை அதிர்ச்சியில சரியாப் பாக்கலேன்னு எழுதிக்கிட்டாங்க. அவங்களுக்கும் அந்த ஐஸ் பெட்டி காலியாகணும். நாளைக்குக் காலையில குடுத்துடுவாங்க."

"அது அத்தான் இல்லேன்னா?"

"இல்லேன்னா அந்த ஆளுக்கும்தான் யாரும் வரல. இத்தனை நாளா கிடக்கறார். அழறதுக்கு ஒரு வீடு கிடைச்சுதுன்னு இருக்கட்டும்." அக்கா அவளை நேராகப் பார்த்தாள். கண்களில் கண்ணீர் இல்லை, பைத்தியமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நேத்து இதை முடிவு பண்ணிட்டுப் படுத்தேன். கேட் சத்தம் கேட்டுச்சு. பக்கத்து வீட்டுக் கேட்டா நம்ம கேட்டான்னு எந்திரிச்சு உக்காரல. புரண்டு படுத்துத் தூங்கிட்டேன். அந்தத் தூக்கம் எனக்கு வேணும் சின்னு. அவ்வளவுதான்."

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அது சின்னவளின் நாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தது. உயிரோடு இருக்கிறார் என்று சொன்னால், உன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றும் அதே மூச்சில் சொன்னதாகிவிடும். செத்துப்போன புருஷன் யாரையும் விட்டுவிட்டுப் போனவன் ஆவதில்லை. அக்கா தேடித் தேடிக் கடைசியில் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலியை எப்படி இழுப்பது?

ஆனால் அந்த ஆள் யார்? அவருக்கும் எங்கோ ஒரு வீடு இருக்கும். அங்கேயும் ஒருத்தி கேட் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டிருப்பாள். நாளைக்குப் பிறகு அவள் தேடுவதற்கு உடல்கூட இருக்காது.

"என்னடி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ரோஸ் கலந்து எடுத்துட்டு வரேன்" என்றாள் சின்னவள்.

தன் வாயிலிருந்து அதுதான் வந்ததென்று அவளாலேயே நம்ப முடியவில்லை. அக்கா தலையாட்டிவிட்டு, "வரும்போது பாப்பாகிட்ட எதுவும் சொல்லாத. நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்" என்று கிளம்பினாள்.

*

தலைவலி என்று சொல்லி முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சின்னவள் வெயில் தாழ்வதற்குள் வீடு வந்தாள். அக்கா இன்னும் திரும்பவில்லை. நேராக அக்காவின் ரூமுக்குள் போய்க் கட்டிலின் தலைமாட்டைச் சுவரிலிருந்து விலக்கி இழுத்தாள். நாலு காலும் தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தன.

தலையணை மறைக்கும் உயரத்தில் இருந்தது அந்தப் பள்ளம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வெட்டியதுபோல நேரான ஓரங்கள். கீழே தூள் இல்லை. பெருக்கி எடுத்திருந்தார்கள்.

"என்ன தேடறீங்க சித்தி?"

பாப்பா வாசலில் நின்றாள். காலேஜ் பை தோளிலேயே இருந்தது. காலேஜ் முடிக்கப் போகிறவளை வீட்டில் இன்னும் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சின்னவள் சுவர்த் துண்டை வெளியே எடுத்தாள். உள்ளங்கையை விரித்தாள்.

அது என்ன என்று பாப்பா கேட்கவில்லை. பையை மெல்லக் கீழே இறக்கினாள். "அது எப்படி உங்ககிட்ட... வேற கடைக்குத்தானே..."

"அந்தக் கடையில மிஷின் ரிப்பேராம்."

பாப்பா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"போன கொஞ்ச நாள்லயே. காலேஜ் வாசல்ல வந்து நின்னார்."

"மழையெல்லாம் உங்கம்மா போட்டோவைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சா பாப்பா. கூடவே நீயும் குடை பிடிச்சுக்கிட்டு நடந்தே."

"தெரியும் சித்தி."

"பிணவறை வரைக்கும் போக விட்டே."

"நான் தடுத்தேன். நான் போறேம்மா நீ இருன்னேன். நீங்களும் அப்போ இங்கதானே இருந்தீங்க."

"தடுக்கறதுக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

"சொன்னா நிஜமாவே செத்துடுவேன்னார்." பாப்பாவின் குரல் ஏறவில்லை. பல நாள் உள்ளுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் அது. "அவர் காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே சொன்னார். பொய் சொல்றப்ப அப்படி இழுக்க மாட்டார் சித்தி. உங்களுக்கே தெரியும்."

சின்னவளுக்குத் தெரியும்.

"தனியாவா இருக்கார்?"

பாப்பா சுவரில் இருந்த பள்ளத்தைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, "அவங்க நல்லவங்க சித்தி" என்றாள்.

வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். கிளம்பாமல் திணறித் திணறி நின்றது.

"எனக்குன்னு அங்க ஒரு ரூம் வெச்சிருக்காங்களாம். என்ன கலர் வேணும்னு ரெண்டு பேரும் கேட்டாங்க. ஃபோன்ல கலர் கலரா காட்டினாங்க. எனக்கு எதுவுமே தோணல. நம்ம வீட்டுக் கலரே போதும்னு சொன்னேன். அப்பாவுக்கு அந்தக் கலர் பேரு ஞாபகமில்ல. உங்ககிட்டயும் கேக்க முடியாது. அதான் நானே..."

அடிக்கத்தான் கை எழுந்தது. பாதி வழியில் என்ன செய்வதென்று தெரியாமல் பாப்பாவின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டது.

"உங்கம்மா இன்னிக்குக் காலையில மறுபடி அங்க போயிருக்கா. அது உங்கப்பாதான்னு சொல்லிட்டு வந்துட்டா. நாளைக்குக் காலையில குடுக்கறாங்க."

பாப்பாவுக்குப் புரிய நேரமாயிற்று. "அப்ப அது யாரு?"

"யாரோ."

"யாரோ ஒருத்தரையா... அப்பான்னு..."

"ஆமா."

பாப்பா எழுந்துகொண்டாள். உதடு வெளுத்திருந்தது. "நான் சொல்லிடறேன் சித்தி. அம்மா வந்ததும் சொல்லிடறேன். என்ன ஆனாலும் சரி."

"சொல்லு."

அப்படிச் சொன்னபோது சின்னவளுக்கு உள்ளே ஏதோ தளர்ந்தது. அது என்னவென்று அவள் உற்றுப் பார்த்தாள். மதியம் தான் மென்று விழுங்கியதை இந்தப் பெண் சொல்லிவிடுவாள் என்ற நிம்மதி. அசிங்கமான நிம்மதி. அதை அவள் தள்ளிவிடவும் இல்லை.

கேட் திறந்தது. அக்காவின் செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டி வந்தது.

"கட்டிலை நகத்திட்டீங்களா? நல்லதாப் போச்சு." அக்கா கைப்பையை வைத்துவிட்டுச் சுவரருகே குனிந்தாள். "இதென்ன, இவ்வளவு பெருசா பேந்திருக்கு?"

பாப்பா தரையில் கிடந்த பையைக் காலால் ஒதுக்கினாள்.

"பட்டி வெச்சு அடைச்சுடலாம்க்கா" என்றாள் சின்னவள். "தெரியாது."

"தெரியாம இருந்தா சரி." அக்கா நிமிர்ந்து, மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். "பாப்பா, அம்மா ஒண்ணு சொல்லப் போறேன். நீ பெரிய பொண்ணு. தைரியமாக் கேக்கணும்."

"அம்மா, நானும் ஒண்ணு..."

"முதல்ல நான் சொல்லிடறேன்டா. இல்லேன்னா என்னால முடியாது."

அக்கா சொன்னாள். குரல் உடையாமல், திக்காமல், வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருப்பாள் போல. ஆற்றோரம் கிடைத்தது, முதல் தடவை பார்க்கத் தைரியமில்லாமல் போனது, இன்று பார்த்தது, அப்பாதான் என்பது. பாப்பா தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே நாம யாரையும் தேட வேண்டாம். எந்த ஸ்டேஷன் வாசல்லயும் நிக்க வேண்டாம். நாளைக்கு ஒரு நாள் மட்டும்தான்." அக்கா மகளின் கன்னத்தைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஈரம் எதுவும் இல்லை. "நீ கூட வந்தா எனக்குப் பலமா இருக்கும். உனக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம், சித்தியைக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீ என்னமோ சொல்ல வந்தியே, என்ன?"

பாப்பா சித்தியை நிமிர்ந்து பார்த்தாள்.

சின்னவள் கண்ணை எடுக்கவில்லை. சொல்லு என்று தலையசைக்கவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. தடுக்காமல் இருப்பதே நேர்மை என்று அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியது.

பாப்பா தாயின் பக்கம் திரும்பினாள். படிய வாரிய தலை, இஸ்திரி கலையாத சேலை, வெகுநாள் கழித்துத் தூங்கி எழுந்த கண்கள். அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரேன்மா" என்றாள். "அதான் சொல்ல வந்தேன்."

அக்கா அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். சாய்த்ததுதான் தாமதம், பாப்பா "அப்பா" என்று அலறி அழத் தொடங்கினாள்.

அந்த அழுகையில் நடிப்பு ஒரு துளியும் இல்லை. சின்னவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.